படுத்த படுக்கைன்னு யார் சொன்னது?

நான் சாகக் கிடக்கிறேன் என்பது சாலைக் கடைத்தெரு முழுக்கத் தெரிந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. எங்கள் பாத்திரக்கடைக்கு அடுத்த ஜவுளிக்கடைக்காரரின் மனைவி ஒரு நாள் காலையில் மணக்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் சத்துமாவு டப்பாவும் ஆரஞ்சுப் பழமும். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எப்படி ஓடியாடி நின்ன ஆளு," என்று ஆரம்பித்தாள். "ஒத்தப் புள்ள. அவனுக்கு ஒரு கல்யாணத்தையாவது கண்ணால பாத்துட்டு..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"பாத்துட்டு? சொல்லி முடி," என்றேன்.

"இல்லக்கா. ஒங்க கொழுந்தனாருதான் சொன்னாவ. மதினி படுத்த படுக்கையாயிட்டாவ, இனி எந்திரிக்கது கஷ்டந்தான்னு."

எனக்கு இருந்தது இடுப்பு வலி. இடுப்புக்குச் சற்று மேலே, நடு முதுகு முடிகிற இடத்தில் பிடித்துக்கொள்கிற வலி. ஊரில் பாதிப் பேருக்கு இருப்பது. அதற்காக ஆரஞ்சுப் பழத்தோடு வந்து என்னை வழியனுப்பி வைக்கிறாள்! எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. அந்தப் பழத்தை எடுத்து ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். ஆனால் வீச எழுந்து உட்கார வேண்டும், எழுந்து உட்கார எனக்குப் பயம். அப்படி ஒரு நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியிருந்தார்கள் என்று கூடச் சொல்லக் கூடாது, கிடத்தியிருந்தார்கள்.

எல்லாம் ஒரு மூடியால் வந்த வினை. அண்டா மூடி கூட இல்லை, சின்ன டிபன் பாக்ஸின் மூடி. கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் அது கீழே விழுந்ததைப் பார்த்து நாற்காலியில் இருந்தபடியே குனிந்து எடுக்கப் போனேன். அவ்வளவுதான், நிமிர முடியவில்லை. உருளியும் வார்ப்பும் தூக்கின உடம்பு. கல்யாண வீட்டுப் பாயச வார்ப்பை ஆட்டோவில் ஏற்றுவதற்கு ஒரு பக்கம் நான் பிடித்த காலம் உண்டு. ஒரு தகர மூடி என்னைக் கவிழ்த்துப் போட்டது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மானம் போகிறது.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். எங்கள் ஆட்கள் இந்த மலையாள ஊரில், சாலைக் கடைத்தெருவில் நடத்துகிற கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி கல்லாவை விட்டு இறங்க மாட்டார். மேடை போட்டு அதன்மேல் நாற்காலி, முன்னால் பணப்பெட்டி, தலைக்கு மேல் சாமி படம். சரக்கு எடுத்துக் காட்டுவது வேலைக்காரர்கள் பாடு. முதலாளியே இறங்கி வந்து சட்டியைத் தட்டிக் காட்டினால் கடைக்கு மதிப்பு போய்விடும் என்பார்கள். என் கணவர் இருந்தவரை அவர் மேலே, நான் கீழே. இருபது வருஷத்துக்கு மேல் நான் அந்தக் கடைக்குள் நின்றேன், நடந்தேன், ஏறினேன், இறங்கினேன். இடுப்பு வலி என்று ஒரு நாள் கூடச் சொன்னதில்லை. அவர் போன பிறகு சொந்தக்காரர்கள் கூடி என்னைக் கையைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எனக்கும் பெருமைதான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு உட்கார்ந்தவள் காலையில் கடை திறந்தால் ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை. சாப்பாடு கூட அங்கேயே.

வலி வந்ததும் முதலில் பார்த்த டாக்டர் நல்லா ரெஸ்ட் எடுங்க என்றார். இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்தார். கொஞ்ச நாளைக்குத்தான் சொல்லியிருப்பார், பாவம். ஆனால் ரெஸ்ட் என்ற அந்த ஒரு வார்த்தை என் மகன் காதில் விழுந்ததே, அதுதான் தப்பாகிப்போனது. கழக்கூட்டம் என்கிற இடத்தில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறான். இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவன், அவன் தமிழில் பாதி மலையாளம். "அம்மா அனங்கப்படாது கேட்டோ," என்பான். அசையக் கூடாதாம். தண்ணீர் குடிக்கக் கை நீட்டினால் ஓடி வருவான். கக்கூஸுக்குப் போனால் கதவுக்கு வெளியே நிற்பான். பாசந்தான். அந்தப் பாசத்தைத் தாங்க ஒரு தனி முதுகெலும்பு வேண்டும்.

அடுத்து கர்க்கடக மாதம் வந்தது, நம் ஆடி மாதம். இந்த ஊரில் அந்த மாதம் எண்ணெய்ச் சிகிச்சைக்கு விசேஷம். உழிச்சலுக்கு, எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவதற்கு, கூட்டிப்போனார்கள். சுகமாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது முடிந்த பிறகு நல்லிரிக்கை என்று ஒன்று உண்டு. எத்தனை நாள் சிகிச்சையோ அத்தனை நாள் வெயில், காற்று, வேலை எதுவும் படாமல் அடங்கி இருக்க வேண்டும். வைத்தியர் தெளிவாகத்தான் சொன்னார், அத்தனை நாள் போதும் என்று. யார் கேட்டது? ஓணம் வரைக்கும் இருக்கட்டும் என்றார்கள். ஓணம் வந்தது, நவராத்திரி போகட்டும் என்றார்கள். வைத்தியர் நல்லிரிக்கையை விட்டுவிட்டார், என் வீட்டுக்காரர்கள் விடவில்லை.

வீட்டுக்காரர்கள் என்று நான் சொல்வது என் மகனையும் என் கணவரின் தம்பியையும். கொழுந்தன் நாகர்கோவிலில் வைத்திருந்த கடையை மூடிவிட்டுச் சும்மா இருந்தவர். நான் படுத்த வாரமே பையும் கையுமாக வந்து இறங்கிவிட்டார். "ரெஸ்ட் எடுங்க மதினி. கடைய நான் பாத்துக்கிடுதேன்," என்றார். எவ்வளவு நல்ல மனசு என்று அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. மறுநாளே அவர் என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போவார், திங்கட்கிழமை விடிந்ததும் என் நாற்காலியில் இருப்பார்.

படுத்துக் கிடந்தால் என்ன ஆகும் தெரியுமா? முதலில் வலி கொஞ்சம் குறையும். பிறகு படுத்திருப்பதே வலிக்கும். பிறகு வலியை விடப் பயம் பெரிதாகும். இருமப் பயம். தும்மப் பயம். கீழே கிடக்கும் துண்டை எடுக்கக் குனிந்தால் முதுகெலும்பு படக்கென்று ஒடிந்துவிடும் என்று பயம். கொஞ்சம் கொஞ்சமாக நானே என்னைக் கண்ணாடிக் குப்பியைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். பார்க்க வருகிறவர்களும் சும்மாவா போனார்கள்? ஆளாளுக்கு ஒரு கதை. தன் நாத்தனார் வீட்டுக்காரர் குனிந்தவர்தான், அப்படியே போய்விட்டார் என்றாள் ஒருத்தி. பிறகு விசாரித்தால் அவர் போனது மாரடைப்பில்.

இதற்கு நடுவில் என் மகன் ஒரு காரியம் செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் வந்தவன், வீட்டில் இருந்த பித்தளைக் குடம், வெண்கல உருளி, இரும்புச் சட்டி எல்லாவற்றையும் எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் குடமும் பிளாஸ்டிக் வாளியும் கொண்டுவந்து வைத்தான். "அம்மா வெயிட் பொக்கப்படாது அல்லே? அதுக்குத்தான்," என்றான் சந்தோஷமாக. கனம் தூக்கக் கூடாதாம். பாத்திரக்கடைக்காரி வீட்டில் பிளாஸ்டிக் குடம்! சொந்தக்காரர்கள் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? படுத்த இடத்திலிருந்தே கத்தினேன். "டென்ஷன் ஆகாதீங்க, நடுவுக்கு நல்லதில்ல," என்றான். இடுப்புக்கு இந்த ஊரில் நடு என்று பேர். கத்தக் கூட எனக்கு உரிமை இல்லை.

ஜவுளிக்கடைக்காரி ஆரஞ்சோடு வந்துவிட்டுப் போன அன்றைக்கு மத்தியானம், எங்கள் கடையில் பல வருஷமாக நிற்கும் விற்பனைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அண்ணாச்சி, அதாவது என் கொழுந்தன், எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறார். என் காலத்து வாடிக்கைக்காரர்கள் கேட்டால், பாவம் மதினி, இனி கடைக்கெல்லாம் வர மாட்டாங்க, என்கிறார். அன்று ராத்திரி ஹாலில் கொழுந்தனும் மகனும் பேசிக்கொண்டிருந்தது என் கட்டில்வரை கேட்டது.

"மாசிப் பொங்காலை கழியட்டும். அதுக்கப்புறம் கடை லைசென்ஸ் எல்லாம் எம் பேருக்கு மாத்திக்கிடலாம். மதினிக்கு எதுக்கு இந்த வயசுல இந்தக் கஷ்டம்?"

"அதாணு சித்தப்பா சரி. அம்மா நிம்மதியா கிடக்கட்டும்," என்றான் என் மகன்.

நிம்மதியா கிடக்கட்டும். அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது. கொழுந்தன் திருடன் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். அவர் மனசார நம்பினார், நான் முடிந்துபோனவள் என்று. என் மகனும் நம்பினான். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் நானும் நம்பியிருப்பேன். கடை போனால் எனக்கு என்ன மிச்சம்? ஒரு கட்டிலும் ஒரு பிளாஸ்டிக் குடமும். மறுநாள் காலையில் மகனைக் கூப்பிட்டு, எனக்குப் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். ஆபரேஷனுக்குப் பயந்துகொண்டே கூட்டிப்போனான்.

அந்த டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார், ஊசியால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார், எத்தனை நாளாகப் படுத்திருக்கிறீர்கள் என்று. மகன் மாதக் கணக்கைப் பெருமையாகச் சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யார் படுக்கச் சொன்னது?" என்றார். மகன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஆபரேஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், எழுந்து நடக்கட்டும் என்று மாடிக்கு அனுப்பினார். அங்கே பிசியோதெரபி.

அங்கே இருந்தது ஒரு மலையாளிப் பெண், என் மகன் வயசுதான் இருக்கும். முதலில் ஏகப்பட்ட கேள்வி கேட்டாள். கால் மரத்துப்போகிறதா, கால் பலம் குறைந்திருக்கிறதா, ஒன்றுக்கு ரெண்டுக்குப் போவதில் கோளாறு உண்டா, தொடை இடுக்கில் உணர்ச்சி இருக்கிறதா என்று. எல்லாவற்றுக்கும் இல்லை, சரியாக இருக்கிறது என்றேன். அப்புறம் ஒரு பேனாவைத் தரையில் போட்டு, "அம்மே, அது ஒண்ணு எடுத்துத் தரணே," என்றாள்.

நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேனா என்ன கனம் இருக்கும்? என்னால் குனிய முடியவில்லை. வலியால் இல்லை, குனிந்தே பார்க்கவில்லையே, வலி எங்கிருந்து வரும்? மகன் ஓடி வந்து எடுக்கப் போனான். அவள் அவனை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், அந்த முறைப்புக்கே அவளை எனக்குப் பிடித்துப்போனது. "மோன் வெளிய இரிக்கு," என்று அவனை அனுப்பிவிட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை. அவளிடமே எரிந்து விழுந்தேன், வயசான பொம்பளையைப் பேனா பொறுக்கச் சொல்கிறாயா என்று. நான் தமிழில் திட்டினேன், அவள் மலையாளத்தில் பதில் சொன்னாள், இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது. வலிக்கிறது என்றால் உடைகிறது என்று அர்த்தம் இல்லை, ஸ்கேனில் தெரிவதில் பாதி வயசு, இந்த வயசில் யாரை எடுத்துப் பார்த்தாலும் இருக்கும் என்றாள். "பேடிக்கண்டா அம்மே," என்றாள். பயப்பட வேண்டாமாம். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள்.

பிறகு அவள் கேட்டாளே ஒரு கேள்வி. இத்தனை மாதத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. "அம்மைக்கு ஜோலி எந்தாணு?" என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று.

"சாலையில பாத்திரக்கடை," என்றேன்.

"கடையில அம்மை பொக்குறதுல ஆகக் கனமானது எது?"

"வார்ப்பு," என்றேன். "பாயசம் வைக்கிற வார்ப்பு. ஒரு பக்கம் நான் பிடிப்பேன்."

"அப்போ நமக்கு அதுவரை போகணும்," என்றாள். மெல்ல மெல்லப் போகலாம், ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டும் என்றாள். உட்கார்ந்தே இருக்காதீர்கள், படுத்தே இருக்காதீர்கள், ஒரே மாதிரி எதிலும் இருக்காதீர்கள் என்றாள். முடிந்த அளவு நடங்கள், நாளைக்கு இன்னும் கொஞ்சம். அந்தப் பேனாவை அன்றைக்கு எடுத்தேன், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. ஒன்றும் ஒடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றி அலமாரியில் போட்டேன். வராந்தாவில் நடந்தேன். பிறகு வாசல்வரை, பிறகு தெருமுனை வரை. எங்கள் தெருவில் எனக்கு வேடிக்கை பார்க்கிற கூட்டம் சேர்ந்தது. "எதுக்கு இந்த வெயில்ல? வீட்ல யாரும் இல்லியா?" என்பார்கள். வீட்டில் ஆள் இருந்ததுதானம்மா கேடு, என்பேன். தூக்குவதற்கு ஏதாவது கனம் வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். ரப்பர் நாடா, இரும்புக் குண்டு என்று படம் அனுப்பினாள். நான் அதையெல்லாம் வாங்கவில்லை. மகன் வேலைக்குப் போன பிறகு, அடுத்த வீட்டுப் பையனை ஏற்றிப் பரணிலிருந்து உருளியை இறக்கச் சொன்னேன். முதலில் காலி உருளி. பிறகு அதில் ஒரு செம்பு அரிசி. முழங்காலை மடக்கித் தூக்கி மேடையில் வைப்பது, எடுத்துக் கீழே வைப்பது. வேர்த்து ஒழுகும். அந்த வேர்வை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஒரு நாள் மகன் சீக்கிரம் வந்துவிட்டான். உருளியும் கையுமாக என்னைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டான்.

"அம்மா! எந்தா இது? ஆரு இதெல்லாம் எடுக்கச் சொன்னது? கீழ வைங்க! ஒடிஞ்சு போகும்!"

"எது ஒடியும்? சொல்லு, எது ஒடியும்? என் நடுவா, உன் சித்தப்பாவோட திட்டமா?"

"நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"என் நல்லதுக்குத்தான் எல்லாரும் சொல்லுதீங்க. ஒருத்தனாவது என்னைக் கேட்டீங்களா? நீ தடுக்கி விழுந்து விழுந்துதானல நடக்கப் படிச்ச? விழுந்துருவேன்னு நான் உன்னைத் தொட்டில்லயே கிடத்தியிருந்தா, இன்னைக்கு உன்னை யாரு ஐடி கம்பெனிக்குத் தூக்கிட்டுப் போறது?"

அவன் முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் நான் நிறுத்தவில்லை. இத்தனை மாதக் கோபத்தையும் அன்றைக்கே கொட்டினேன், பிளாஸ்டிக் குடம் வரைக்கும். மறுநாள் எனக்கு நிஜமாகவே வலி பிடித்துக்கொண்டது. நான் அப்பவே சொன்னேனே என்று அவன் கண்ணாலேயே சொன்னான். நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, உன் பேச்சைக் கேட்டேன் பார், நன்றாக மாட்டினேன் என்று அவளையும் ஒரு பாட்டம் திட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "இப்படியும் சில நாள் வரும். இன்னைக்குப் பாதி நடங்க. உருளி வேண்டா, செம்பு போதும். ஆனா படுக்கல்லே அம்மே," என்றாள். படுக்காதே என்கிற அந்த ஒரு சொல்லுக்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம். பாதி நடந்தேன். இரண்டு நாளில் பழையபடி ஆயிற்று.

பொங்காலைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மணக்காட்டிலிருந்து சாலைக்கு நடந்தே போனேன். எங்கள் தெருவில் அடுப்புக்குச் செங்கல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் உலகத்துப் பெண்களெல்லாம் தெருவோரத்தில் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகிற திருவிழா. எங்கள் கடைக்கு ஒரு வருஷத்து வியாபாரத்தில் பாதி அந்த வாரந்தான். கடைக்குள் நிற்க இடமில்லை. நாற்காலியில் கொழுந்தன்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளிறியது. ஆனால் சட்டென்று சமாளித்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவரச் சொல்லி, மேலே தலையணை போட்டு, மூலையில் போட்டார்.

"வாங்க மதினி, வாங்க. எதுக்கு இந்தக் கூட்டத்துல வந்தீய? உக்காருங்க. ராணி மாதிரி உக்காந்து பாருங்க, போதும்."

நான் உட்காரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மலையாளி அம்மா உத்தரத்தில் தொங்கிய பெரிய அலுமினியச் சருவத்தைக் காட்டி, அது வேண்டும் என்றாள். விற்பனைப் பெண் வேறு நாலு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் மேலே இருந்தபடி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அவரே இறங்கினால் மதிப்புப் போய்விடுமே. சுவரோரம் எங்கள் கொக்கிக்கம்பு சாத்தியிருந்தது. நான் எடுத்தேன்.

"மதினி! நட்டெல்லு!" என்று கத்தினார், என் முதுகெலும்பு ஒடிந்துவிடுமாம். கடையே திரும்பிப் பார்த்தது.

கையை உயர்த்தி, சருவத்தின் வளையத்தில் கொக்கியை மாட்டி, தூக்கி இறக்கினேன். இடுப்பில் சுரீரென்று ஒரு வலி வந்து போனது. வரட்டும். சருவத்தை அந்த அம்மாவின் முன்னால் வைத்து அதன் முதுகைத் தட்டிக் காட்டினேன், கணீரென்றது. கூட்டத்தில் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி, "அய்யோ, இது நம்மட சேச்சி அல்லே? கிடப்பிலாணுன்னு பறஞ்ஞது?" என்றாள்.

"படுத்த படுக்கைன்னு யார் சொன்னது?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். யார் சொன்னது என்று எல்லாருக்கும் தெரியும். கொழுந்தன் பணப்பெட்டிக்குள் எதையோ தேடினார்.

நான் அவரை நாற்காலியிலிருந்து இறங்கச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க நான் கீழே நின்றேன், நடந்தேன், கால் கடுத்தால் வாசல்வரை போய் வந்தேன். வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் பேசினார்கள், என்னிடம்தான் பேரம் படிந்தது. மேலே அவர் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை வருஷம் அந்த நாற்காலியைக் கடை என்று நினைத்திருந்தேனே என்று. நல்லா உக்காருங்க தம்பி, என்றேன் மனசுக்குள்.

பொங்காலை முடிந்த சனிக்கிழமை. சாயங்காலம் அவர் ஊருக்குக் கிளம்பும் நேரம், பை மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாற்காலியில் இருந்தபடி குனிந்து பையை எடுத்தார். எடுத்தவர் நிமிரவில்லை.

"ஐயோ மதினி. பிடிச்சிட்டு. நடு பிடிச்சிட்டு."

என் மகனும் அன்றைக்கு லீவு என்று கடையில் இருந்தான். "சித்தப்பா அனங்காதீங்க!" என்று ஓடினான். "ஆட்டோ விளிக்கட்டா? வீட்டுக்குப் போயி படுக்கலாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. 'ரெஸ்ட் எடுங்க தம்பி. கடைய நான் பாத்துக்கிடுதேன்.' அவர் எனக்குச் சொன்ன அதே வார்த்தை. பாயசம் மாதிரி இனித்தது. என்னைப் போலவே மாதக் கணக்கில் கிடத்தி, பார்க்க வருகிறவர்களிடம் பாவம் பாவம் என்று சொல்லலாம். அதை விழுங்கிவிட்டேன், நல்லவள் என்பதால் இல்லை. சொன்னால் அவர் படுக்கப்போவது என் வீட்டுக் கட்டிலில், கஞ்சி வைத்துக் கொடுக்கப்போவது நான். அது ஒன்று. அந்தக் கட்டில் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும் என்பது இன்னொன்று. விரோதிக்குக் கூட அது வேண்டாம்.

அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் அவரிடம் கேட்டேன். கால் மரத்திருக்கிறதா, பலம் இருக்கிறதா, மற்றதெல்லாம். அத்தனை பேர் முன்னால் நெளிந்துகொண்டே பதில் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"எந்திரிங்க," என்றேன்.

"முடியல மதினி."

"எனக்கும் முடியாமத்தான் இருந்திச்சு. நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எந்திரிங்க. ஒண்ணும் ஒடியாது. தம்பானூர் வரைக்கும் நடந்து போவோம், உங்க பஸ் அங்கதான நிக்கும்."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டான். கொழுந்தன் முக்கி முனகி எழுந்தார். அவர் பையை நான் எடுத்துக்கொண்டேன், கொடுங்க மதினி என்று சொல்லக் கூட அவருக்குத் தெம்பில்லை. பழவங்காடி வழியாக நடந்தோம். முதலில் ஒவ்வொரு அடிக்கும் அம்மா அம்மா என்றார். பிள்ளையார் கோயில் முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டார். பாலம் வந்தபோது முனகல் குறைந்திருந்தது, கையை வீசி நடந்தார். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் வழிநெடுக நின்று பார்த்தார்கள், படுத்த படுக்கைக்காரி பையைச் சுமக்க, கொழுந்தன் கைவீசி வருவதை.

நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் மெல்ல உட்கார்ந்தார். பையை மடியில் வைத்தேன்.

"திங்கக்கிழமை வரட்டுமா மதினி?"

"வேண்டாம். கடைக்கு நான் இருக்கேன். நீங்க அங்க தினமும் நடங்க."

"ஒங்களுக்கு எம்மேல கோவம்," என்றார்.

"ஆமா. ரொம்ப. இன்னும் தீரல."

பஸ் உறுமியது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பக்கத்தில் யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மதினி, எனக்கு நடு பிடிச்சத ஊர்ல யார்ட்டயும் சொல்லிராதீங்க. சொன்னா படுத்துட்டான்னு முடிவு கட்டிருவானுவ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தச் சிரிப்பையும் மீறிக்கொண்டு கோபமும் வந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றேன். "நீங்க படுத்தீங்கன்னு கேள்விப்பட்டா மட்டும், ஆரஞ்சுப் பழத்தோட வந்து நிப்பேன்."

பஸ் நகர்ந்தது. இடுப்பு லேசாக வலித்தது. கடைக்கு நடந்தே திரும்பினேன்.